செம்பாறைப் பாலைவனத்தில் ஒரு செபமாலை

ஒக்டோபர் மாதம் செபமாலை அன்னைக்கென ஒதுக்கப்பட்ட மாதம். மாலை மயங்கும் வேளையில் விளக்கேற்றி, பாய் விரித்து, தாயும் தந்தையும் பிள்ளைகளும் பாட்டியுமாக ஒன்றுகூடிச் செபமாலை சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக நிலவி வருகின்றது. மூன்றாம் மறையுண்மையை எட்டுமுன்னரே தூங்கி வழியும் பிள்ளையின் தலையில் ஒரு குட்டு விழுவதும், "ஒழுங்காய் முழங்காலில் நில்" என்ற அதட்டல் எழுவதும் நாம் அறியாதவை அல்ல.

அத்தகைய ஓர் அதட்டல், 1776ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வட அமெரிக்காவின் பாலைநிலம் ஒன்றில் ஒலித்தது. அதனால் ஒரு பயணக் குழு தன் வழிகாட்டியை இழந்தது. கடந்த ஆண்டு அப்பயணிகள் நடந்த தடத்தின் ஒரு பகுதியை வாகனத்தில் கடந்துசெல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கண்ணுக்கு விருந்தாகத் தொடங்கிய அப்பயணம் மனச்சான்றைக் கிளறுவதாக முடிந்த விதத்தை இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

செம்பாறைகளின் நாடு

குருமடத்தில் என்னோடு பயின்ற குருவானவர் ஒருவர் அரிசோனா மாநிலத்தில் பணிபுரிகின்றார். அவருடைய அழைப்பின் பேரில் செப்டெம்பர் மாத இறுதியில் அங்கு சென்றிருந்தேன். யூட்டா மாநில எல்லையிலுள்ள கனாப் என்னும் சிற்றூரில் இரவு தங்கி, அதிகாலைத் திருப்பலியை நிறைவேற்றிவிட்டு, 89ஏ இலக்க நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். வாகனத்தை நண்பரே செலுத்தினார்.

வீதி முதலில் கைபாப் என்னும் மேட்டுநிலத்தின் மீது ஏறுகின்றது. ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் குளிர்ந்த பைன் மரக்காடு. அவற்றிடையே ஆஸ்பென் மரங்களின் இலைகள் பொன்னிறமாகப் பழுத்து நின்றன. ஜேக்கப் லேக் என்னும் சந்தியைக் கடந்து கிழக்கே இறங்கத் தொடங்கியதும், ஒரு வளைவில் காடு திடீரென முடிவடைந்தது. கண்ணெட்டிய தூரம்வரை மரமற்ற சமவெளி. அதன் வடக்கு எல்லையில், கோட்டை மதிலென நீண்டு செல்லும் சிவந்த பாறைச் சுவர். அதற்கு வெர்மிலியன் கிளிப்ஸ் என்று பெயர். சிந்தூர நிறப் பாறைமுகங்கள் என்று அதற்குப் பொருள் கூறலாம். சில இடங்களில் அது 900 மீற்றர் வரை எழுந்து நிற்கின்றது.

அப்பாறைகளில் உறைந்துள்ள இரும்பின் துருவே அவற்றுக்குச் செந்நிறத்தைத் தருகின்றது. உச்சியிலுள்ள மணற்பாறை ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் காற்றால் குவிந்த மணற்குன்றுகளாக இருந்ததென நிலவியலாளர் கூறுகின்றனர். மணல் கல்லாகி, கல் உயர்ந்து, நீரும் காற்றும் உறைபனியும் அதனை அறுத்து இன்றைய வடிவத்தைத் தந்துள்ளன. அழிவின் விளிம்பைத் தொட்டிருந்த கலிபோர்னியக் கொண்டோர் என்னும் பெருங்கழுகுகளை 1996ஆம் ஆண்டு முதல் இப்பாறைகளிலிருந்தே மீண்டும் வானில் பறக்கவிட்டு வருகின்றனர். படைப்பின் முன் மனிதன் எத்துணைச் சிறியவன் என்பதை உணர்த்துவதற்கு அங்கே மறையுரை எதுவும் தேவைப்படவில்லை.

பாறைகளின் அடிவாரத்தில், வீதியோரத்தில் ஒரு நினைவுப் பலகை நின்றது. நண்பர் வாகனத்தை நிறுத்தினார். "இந்த வழியால் எங்களுக்கு முதல் இரண்டு குருமார் போயிருக்கினம். வாரும், வாசித்துப் பாரும்" என்றார்.

இரு துறவிகளின் பயணம்

அக்காலத்தில் நியூ மெக்சிக்கோவும் கலிபோர்னியாவும் ஸ்பானிய அரசின் ஆட்சியில் இருந்தன. நியூ மெக்சிக்கோவின் தலைநகர் சாந்தா பே. பரிசுத்த விசுவாசம் என்பது அப்பெயரின் பொருள். அங்கிருந்து கலிபோர்னியாக் கரையிலுள்ள மொன்ரெரே மறைபரப்புத் தளத்துக்கு ஒரு தரைவழியைக் கண்டறிவதற்காக, 1776 ஜூலை 29ஆம் திகதி பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று புறப்பட்டது. பிரான்சிஸ்கன் சபைத் துறவியான அத்தனாசியோ டொமிங்கெஸ் அடிகளார் அதன் தலைவர். அதே சபையைச் சேர்ந்த, இருபதுகளில் இருந்த சில்வெஸ்ரே வெலெஸ் டி எஸ்கலாந்தே அடிகளார் நாட்குறிப்பை எழுதினார். பெர்னார்டோ மியேரா என்பவர் நிலப்படம் வரைபவராக உடன் சென்றார்.

அவர்கள் படைவீரர்களோடு செல்லவில்லை. வழியில் வாழ்ந்த பழங்குடி மக்களின் நல்லெண்ணத்தை நம்பியே சென்றனர். செப்டெம்பர் 23ஆம் திகதி, இன்று யூட்டா ஏரி என அழைக்கப்படும் ஏரிக்கரையை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த மக்கள் அவர்களை அன்போடு வரவேற்றனர். அம்மக்களுள் ஒருவர் வழிகாட்டியாக வர முன்வந்தார். துறவிகள் அவரை ஜோசே மரியா என்று அழைத்தனர். நம் வழக்கில் சொல்வதானால் சூசை மரியான்.

ஒக்டோபர் மாதத் தொடக்கம். தம் சபையின் தந்தையாகிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாளை ஒட்டிய நாட்கள். இரவில் முகாமிட்டிருந்தபோது, குழுவிலிருந்த சிஸ்னெரோஸ் என்னும் அதிகாரி, அன்னையின் செபமாலையைச் சேர்ந்து சொல்வதற்குத் தம் பணியாளனை அழைத்தார். பகலெல்லாம் உழைத்திருந்த அவன் வரத் தயங்கினான். அவனுடைய சோம்பலையும் பக்தியின்மையையும் எசமானர் கடிந்துகொண்டார். அவன் அவர்மீது பாய்ந்தான். இருவரும் கட்டிப் புரண்டு சண்டையிட்டனர்.

இதனைச் சூசை மரியான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அச்சத்தால் நடுங்கினார். ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கண்டிப்பதைப் போன்றதே இது, இவர்கள் ஒருவரையொருவர் கொன்றுவிடமாட்டார்கள் என்று எல்லோரும் எடுத்துச் சொல்லிப் பார்த்தனர். பயனில்லை. மறுநாள் காலையில், விடைபெறாமலே அவர் தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். இந்நிகழ்வை எஸ்கலாந்தே அடிகளார் மறைக்காமலும் மழுப்பாமலும் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

அன்பார்ந்தவர்களே, இங்கு சற்று நின்று சிந்திப்போம். அந்த அதிகாரி தீயவர் அல்லர். பாலைநிலத்திலும் செபமாலையை மறவாத பக்தர். ஆயினும் அந்த இரவில் ஒரு வேற்று மனிதர் கண்ட கிறிஸ்தவம் எது? அருள் நிறைந்த மரியாளின் பெயரால் இருவர் மண்ணில் புரண்டதையே அவர் கண்டார்.

சீட்டுப் போட்ட நாள்

வழிகாட்டி சென்ற பின்னர் பனி பொழியத் தொடங்கியது. மலைகளெல்லாம் வெண்மையாயின. உணவும் குறைந்துகொண்டே வந்தது. மொன்ரெரே இன்னும் வெகு தொலைவில் இருக்கின்றது, குளிர்காலத்துக்கு முன் அங்கு சென்றடைவது இயலாது என்று இரு துறவிகளும் கணித்தனர். திரும்புவதே தக்கது என்பது அவர்களுடைய முடிவு. ஆனால் மியேராவும் வேறு சிலரும் அதனை ஏற்கவில்லை. இலக்கு அண்மையில்தான் இருக்கின்றது என்று அவர்கள் நம்பினர். முறுமுறுப்பு வளர்ந்தது. துறவிகள் சொல்வதெல்லாம் அவர்களுக்குச் சுமையாகத் தோன்றியது.

டொமிங்கெஸ் அடிகளார் தலைவர் என்ற முறையில் கட்டளையிட்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒக்டோபர் 11ஆம் திகதி எல்லோரையும் கூட்டி, இடர்களை எடுத்துரைத்து, தத்தம் விருப்பங்களை ஒதுக்கிவிட்டு இறைவனின் திருவுளத்தை நாடுவோம் என்றார். பின்னர் குழுவினர் செபமாலை சொன்னார்கள். துறவிகள் மனத்துயர்த் திருப்பாடல்களையும் மன்றாட்டு மாலையையும் செபித்தார்கள். அதன் பின்னர் சீட்டுப் போடப்பட்டது. திரும்புக என்றே சீட்டு விழுந்தது. எவரும் முறுமுறுக்கவில்லை. யாவரும் மனமுவந்து அதனை ஏற்றுக்கொண்டனர் என்று நாட்குறிப்பு கூறுகின்றது.

ஒரு வார காலத்துக்குள் ஒரே குழுவினர், ஒரே செபமாலை. முதல் முறை அது பிறரை நோக்கி ஓங்கப்பட்ட கோலாயிற்று, வழிகாட்டியை விரட்டியது. இரண்டாம் முறை ஒவ்வொருவரும் தத்தம் பிடிவாதத்தைக் கீழே வைப்பதற்கான பீடமாயிற்று, பிளவுபட்டவர்களை ஒன்றாக்கியது.

முடிந்தால் வெளியே போ

நினைவுப் பலகையைத் தாண்டியபின் நெடுஞ்சாலை பெரும்பாலும் அவர்களுடைய தடத்தை ஒட்டியே செல்கின்றது. இடப்பக்கம் செஞ்சுவர், வலப்பக்கம் வெறுஞ்சமவெளி. அச்சமவெளியின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தோடுகின்றது கொலராடோ ஆறு. அருகிற் செல்லும்வரை அங்கு ஆறு இருப்பதே தெரியாது. நவாஹோ பாலத்தில் இறங்கி நின்றபோதுதான் உள்ளம் திடுக்கிட்டது. காலடியில் 142 மீற்றர் ஆழத்தில், செங்குத்துச் சுவர்களுக்கிடையே ஒரு பச்சை நாடாவென நீர் ஓடிக்கொண்டிருந்தது. 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாலத்தில் இப்போது நடந்து மட்டுமே செல்லலாம். அதனருகே 1995ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வாகனங்கள் செல்கின்றன. மறுகரையில் நவாஹோ மக்களின் நிலம் தொடங்குகின்றது. அவர்களுடைய பெண்கள் தம் கையால் செய்த மணிமாலைகளை அங்கே விற்றுக்கொண்டிருந்தனர்.

பாலத்திலிருந்து சில கிலோ மீற்றர் தூரத்தில் லீஸ் பெரி என்னும் துறை உள்ளது. இருபுறமும் பாறைச் சுவர்கள் தாழ்ந்து, ஆற்றங்கரைக்கு இறங்கக்கூடியதாக அமைந்த அரிய இடம் அது. கிராண்ட் கன்யன் வழியே படகிற் செல்வோர் இன்று அங்கிருந்தே புறப்படுகின்றனர். திரும்பி வந்த துறவிகள் ஒக்டோபர் 26ஆம் திகதி அங்கு வந்து சேர்ந்தனர். நீந்தத் தெரிந்த இருவர் ஆற்றில் இறங்கினர். தலையில் கட்டிச் சென்ற உடைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. வெறும் உடலோடு அவர்கள் உயிர் தப்பினர். மரத்தெப்பம் கட்டிப் பார்த்தனர். அதுவும் அக்கரை சேரவில்லை. அவ்விடத்துக்கு அவர்கள் இட்ட பெயரில் புனித ஆசீர்வாதப்பரின் திருநாமத்தோடு "சல்சிபுவேதெஸ்" என்றொரு சொல்லும் சேர்ந்திருந்தது. "முடிந்தால் வெளியே போ" என்பது அதன் பொருள்.

உணவு தீர்ந்தது. தம்மைச் சுமந்து வந்த குதிரைகளையே கொன்று உண்டனர். அதற்கு முன்னர் அவர்களுடைய பசியைத் தணித்தவை அப்பிரதேசத்துப் பையூட் மக்களிடம் பெற்ற பைன் விதைகளும் புல் விதைகளுமே. போதிக்கச் சென்றவர்களுக்கு உணவளித்தவர்கள் போதனையைப் பெறாத ஏழைகள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஸ்பானிய ஆட்சி அந்நிலத்து மக்களுக்கு இழைத்த துன்பங்களும் பல. 2015ஆம் ஆண்டு பொலிவியா நாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ், அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்களுக்கு எதிராகத் திருச்சபை செய்த பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அதனையும் மனத்திற் கொண்டே இப்பயணத்தை நாம் நினைவுகூர வேண்டும்.

அனைத்துப் புனிதர் திருநாளும் இறந்த விசுவாசிகளின் நினைவு நாளும் அவர்களுக்கு அப்பாறைகளிடையேதான் வந்து போயின. செங்குத்தான சரிவில் மணிக்கணக்காக ஏறி, மறுபுறம் இறங்கி, ஆற்றோரமாகத் துறை தேடி அலைந்தனர். இறுதியில் நவம்பர் 7ஆம் திகதி ஆழங்குறைந்த ஓரிடத்தைக் கண்டனர். அங்கு இறங்குவதற்கும் வழுக்குப் பாறை தடையாக நின்றது. கோடரிகளால் அப்பாறையில் படிகளை வெட்டினர். மூன்று மீற்றருக்கும் குறைந்த நீளமே அப்படிவரிசை. ஆனால் அதன் வழியே விலங்குகள் இறங்கின. பொதிகள் கயிற்றில் இறக்கப்பட்டன. மாலைக்குள் யாவரும் அக்கரை சேர்ந்து, இறைவனைப் புகழ்ந்து, மகிழ்ச்சியால் துப்பாக்கிகளை வானை நோக்கி வெடித்தனர். 1777 ஜனவரி 2ஆம் திகதி சாந்தா பே நகரை வந்தடைந்தனர்.

மொன்ரெரே செல்லும் வழியை அவர்கள் காணவில்லை. யூட்டா ஏரிக்கரை மக்களிடம் மீண்டும் வருவோம் என்று கொடுத்த வாக்கையும் நிறைவேற்ற இயலவில்லை. எஸ்கலாந்தே அடிகளார் 1780ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பதாவது வயதிலேயே இறைவனடி சேர்ந்தார். உலகக் கணக்கில் அது தோல்வி. ஆயினும் 2,700 கிலோ மீற்றருக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தில் பழங்குடி மக்கள் எவர்மீதும் அவர்கள் ஆயுதம் ஓங்கவில்லை.

நீருக்கடியில் மறைந்த படிகள்

லீஸ் பெரியிலிருந்து அத்துறையை அடைய அவர்களுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்கள் எடுத்தன. நாங்களோ ஒரு மணி நேரத்தில் பேஜ் என்னும் நகரை அடைந்து, கிளென் கன்யன் அணைக்கட்டின் மேலே நின்றுகொண்டிருந்தோம். 216 மீற்றர் உயரமான அவ்வணையின் மதகுகள் 1963ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, பின்னால் பவல் ஏரி பரந்தது. தந்தையர் துறை என்று பெயர் பெற்ற அவ்விடமும், கோடரியால் வெட்டிய அப்படிகளும் ஏரியின் அடியில் மறைந்தன. இன்று அப்பகுதியின் பெயர் பாதிரியார் குடா.

மாலைச் சூரியன் பாறைகளில் தீ மூட்டியதுபோல் ஒளிர்ந்த வேளையில், ஏரியை நோக்கிய மேடொன்றில் அமர்ந்து நாங்கள் இருவரும் செபமாலை சொன்னோம். இரண்டாவது பத்து மணிகளில் என் குரல் தடைப்பட்டது. "என்ன யோசிக்கிறீர்?" என்று நண்பர் கேட்டார். அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது வாசகர்களிடம் சொல்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், ஒக்டோபர் மாதத்து வீட்டுச் செபமாலைக்குப் பிந்தி வந்து, பின்வரிசையில் நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனைச் சபை நடுவில் கடுஞ்சொற்களால் கண்டித்தேன். "செபிக்க விருப்பமில்லாவிட்டால் வெளியே போ" என்றேன். அவன் நம் பிள்ளை. அடுத்த ஞாயிறே வந்து மன்னிப்புக் கேட்டான். நானும் அத்தோடு மறந்துவிட்டேன். ஆனால் அன்று அவனோடு வந்திருந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவன் சைவ சமயத்தவன். அன்னையின் சுரூபத்துக்குப் பூ மாலை கட்டுவதும், விளக்குப் பிடித்து முன்னே நடப்பதும் அவனாகவே விரும்பி ஏற்ற பணிகள். அன்றிரவுக்குப் பின் அவன் வரவேயில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. பாலைவனத்து ஏரிக்கரையில் அமர்ந்திருந்தபோதுதான் என் சூசை மரியான் அவன் என்பது எனக்கு விளங்கிற்று.

நாடு திரும்பியதும் அவனைத் தேடிச் சென்றேன். சந்தையடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். அன்றைய இரவைப் பற்றிக் கேட்டேன். சற்று வெட்கத்தோடு, "பாதர், அண்டைக்கு நீங்கள் அவனுக்கு அடிக்கப் போறியள் எண்டு நினைச்சன். எனக்குப் பயமாப் போச்சு" என்றான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தேநீர் வருவித்துத் தந்தான். அவன் மீண்டும் பூ மாலை கட்ட வரவில்லை. வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் இப்போது வீதியிற் கண்டால் சைக்கிளை நிறுத்திக் கதைக்கின்றான்.

அன்பார்ந்த பெற்றோரே, இம்மாதத்தில் நம் இல்லங்களில் செபமாலை தவறாது ஒலிக்கட்டும். பிள்ளைகளைச் செபிக்கப் பழக்குவது நம் கடமை. அதே வேளையில், நாம் மணிகளை உருட்டும்போது அருகில் நின்று பார்ப்பவர் எவர் என்பதையும் எண்ணிக்கொள்வோம். தூங்கி விழும் சின்னஞ்சிறு பிள்ளை, நம் வீட்டில் வேலை செய்யும் பெண், வேலிக்கு அப்பால் வாழும் அயலவர், மணமுடித்து வந்த மருமகள், நம்பிக்கை தளர்ந்த மூத்த மகன் ஆகிய இவர்கள் நம் உதடுகளைவிட நம் முகத்தையே கூர்ந்து பார்க்கின்றார்கள். செபத்தின் பெயரால் எழுந்த சினத்தால் எவரேனும் நம்மை விட்டு விலகிச் சென்றிருந்தால், இம்மாதம் முடிவதற்குள் அவரைத் தேடிச் செல்வோம். பாறை எவ்வளவு உயரமாயினும், இறங்குவதற்கு வெட்ட வேண்டிய படிகள் சிலவே.

செபமாலை அன்னை, நம் இதயப் பாறைகளில் அப்படிகளை வெட்டும் மன உறுதியை நமக்குப் பெற்றுத் தருவாராக.